நகர மன்றத்துக்கு ஒரு பொதுத் தொலைநோக்கு: எங்கே தொடங்குவது, எங்கே உடையும்

கேள்வி இது: ஒன்றரை லட்சம் பேர் வாழும் நகரம். தேர்தல் முடிந்து மூன்று மாதம். 21 உறுப்பினர்கள், ஆளுக்கொரு வார்டு, ஆளுக்கொரு பட்டியல். மேயர் ஐந்தாண்டுத் தொலைநோக்கு ஆவணம் ஒன்று வேண்டும் என்கிறார். போன மன்றம் போட்ட 140 பக்கத் திட்டம் அலமாரியில் தூங்குகிறது. அதே கதி இதற்கும் வராமல் எப்படிச் செய்வது, எத்தனை மாதம் பிடிக்கும், வெளியிலிருந்து ஆலோசகர் வேண்டுமா?

முதல் வேலை அந்த 140 பக்கத்தை அலமாரியிலிருந்து எடுப்பது. பக்கத்திலேயே கடந்த நான்கு ஆண்டு பட்ஜெட் புத்தகங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய திட்டத்தின் இலக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து நான்கு கட்டங்களில் ஒன்றில் போடுங்கள்: நடந்தது, பணம் ஒதுக்கியும் நடக்காதது, பணமே ஒதுக்காதது, யார் பொறுப்பு என்றே எழுதாதது. கணக்குப் பிரிவில் ஒருவரும் பொறியியல் பிரிவில் ஒருவரும் உட்கார்ந்தால் ஒரு பகலில் முடிந்துவிடும். பெரும்பாலும் கடைசி இரண்டு கட்டங்கள்தான் நிரம்பி வழியும். திட்டம் ஏன் தூங்கியது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை யாராலும் தர முடியாது. புதிய உறுப்பினர்களின் முதல் கூட்டத்தில் காட்ட வேண்டியதும் இந்த ஒற்றைத் தாளைத்தான்.

அடுத்தது பணக்கணக்கு. பல இடங்களில் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். முதலில் கனவு காணச் சொல்லிவிட்டுப் பிறகு பணம் இல்லை என்று சொல்வதுதான் உறுப்பினர்களை எரிச்சலூட்டுகிறது. ஆண்டு வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம், ஓய்வூதியம் 48, மின்சாரம், எரிபொருள் 14, குப்பை அள்ளுதல் போன்ற ஒப்பந்தங்கள் 13, கடன் தவணை 9, வழக்கமான பழுதுபார்ப்பு 10 என்று போனால் மிச்சம் 6. உங்கள் ஊரின் எண்கள் வேறாக இருக்கும், கணக்கின் வடிவம் இதுதான். ஐந்து ஆண்டில் 30. மேலரசுகளின் மானியம் வந்தால் கொஞ்சம் கூடும், ஆனால் அது எப்போது வரும், எதற்கென்று வரும் என்பது உங்கள் கையில் இல்லை. 21 வார்டுப் பட்டியல்களையும் கூட்டினால் 300 ஆகும். கேட்பது 300, இருப்பது 30. இந்த இரண்டு எண்களும் சுவரில் ஒட்டியிருக்கும் அறையில்தான் தொலைநோக்குப் பேச்சு தொடங்க வேண்டும். எதைச் செய்வது என்பதில் ஒத்துப்போவது எளிது. எதைத் தள்ளிவைப்பது என்பதில் ஒத்துப்போகும்போதுதான் அது எல்லோருக்கும் பொதுவான தொலைநோக்காகிறது.

கட்டுமானச் செலவோடு வால்போல் வரும் ஆண்டுச் செலவையும் இந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். தெருவிளக்கை எடுத்துக்கொள்வோம். 60 வாட் எல்.இ.டி. விளக்கு ஓர் இரவுக்கு 11 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்குச் சுமார் 241 யூனிட். ஆயிரம் விளக்கு புதிதாகப் போட்டால் ஆண்டுதோறும் 2.4 லட்சம் யூனிட் மின்கட்டணம் கூடுகிறது, பழுதுபார்க்கும் ஆளும் ஏணி வண்டியும் தனி. மானியத்தில் இலவசமாகக் கிடைத்த விளக்கு என்று கைதட்டி வாங்கியதுதான் மூன்றாவது ஆண்டில் அந்த மிச்சமான 6-ஐ 5 ஆக்கும். பூங்கா, சமுதாயக்கூடம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு உண்டு.

சொற்குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். பெருந்திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று 15, 20 ஆண்டுக்குச் சொல்லும் சட்டபூர்வ ஆவணம். பட்ஜெட் ஓர் ஆண்டின் வரவு செலவு. இரண்டுக்கும் நடுவில், இந்த ஐந்து ஆண்டில் எந்த நாலைந்து காரியத்துக்கு முன்னுரிமை, அதை யார், எப்போது, எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து செய்வார் என்று சொல்வதுதான் வியூகத் திட்டம். மேயர் கேட்கும் தொலைநோக்கு ஆவணம் இதுதான். அது 20 பக்கம் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். 140 பக்கம் வருவது பெருந்திட்டத்தில் போட வேண்டியதையும் துறைகளின் அன்றாட வேலைப்பட்டியலையும் இதற்குள் திணிப்பதால்தான்.

தனித்தனியாகக் கேட்பது

உறுப்பினர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து முன்னுரிமைகளை முடிவு செய்யும் பட்டறையை நடத்துவதற்கு முன் 21 பேரையும் ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். ஆளுக்கு 45 நிமிடம் என்றால் மொத்தம் 16 மணி நேரத்துக்குள். இரண்டு வாரத்தில் முடியும். எல்லோரிடமும் ஒரே ஐந்து கேள்வி, ஒரே வரிசை. யார் என்ன சொன்னார் என்பது வெளியே போகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதைக் காப்பாற்றவும் செய்யுங்கள். அதிகப் பலன் தரும் கேள்வி இது: ஐந்தாண்டு கழித்து உங்கள் வார்டுக்கு வெளியே எது மாறியிருந்தால் நீங்கள் பெருமைப்படுவீர்கள்? வார்டுக்கு வெளியே என்ற இரண்டு சொல்தான் முக்கியம். சாலை, சாக்கடை என்று மனப்பாடமாக வரும் பதில் அங்கே நின்றுவிடும், ஆள் யோசிக்கத் தொடங்குவார். எதிர்க்கட்சி உறுப்பினர்களை முதல் வாரத்திலேயே பாருங்கள். கடைசியில் போனால் எல்லாம் முடிந்தபின் கையெழுத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள், அந்த நினைப்பில் தவறும் இல்லை.

துறைத் தலைவர்களிடம் வேறு கேள்வி: அடுத்த ஐந்து ஆண்டில் எது உடையப்போகிறது? 25 ஆண்டு பழைய பம்பு, நிரம்பப்போகும் குப்பைக்கிடங்கு, ஒரே ஆண்டில் ஓய்வுபெறும் ஏழு ஃபிட்டர்கள். இவை எந்தத் தொலைநோக்கு ஆவணத்திலும் வராது, ஆனால் அந்த 30-இல் பாதியைத் தின்பவை இவைதான். களத்தில் நிற்பவர்களையும் விடாதீர்கள். எந்த வால்வு பத்து ஆண்டாகத் திரும்பவில்லை என்பது தண்ணீர் திறந்துவிடுபவருக்குத் தெரியும், தலைமைப் பொறியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை.

மக்களிடம் கேட்பது

இணையத்தில் ஒரு படிவத்தைப் போட்டு, 6,000 பேர் பதில் சொன்னார்கள் என்று மகிழ்வது வழக்கம். அந்த 6,000 பேர் தாங்களாக வந்தவர்கள். ஒரு குடியிருப்போர் சங்கம் வாட்ஸ்அப்பில் இணைப்பைச் சுற்றுக்கு விட்டால் முடிவு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 400 வீடுகளில் நேரில் கேட்டால், நகரம் முழுவதற்கும் ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி கூடக்குறைய நம்பலாம். ஆனால் அதே 400-ஐ 21 வார்டாகப் பிரித்து அட்டவணை போடாதீர்கள். வார்டுக்கு 19, 20 பேர்தான் வருவார்கள், பிழை 22 புள்ளி வரை போகும். அது வெறும் இரைச்சல். வார்டு வாரியாக 10 புள்ளிக்குள் வேண்டுமென்றால் வார்டுக்கு நூறு வீதம் 2,100 வீடு கேட்க வேண்டும், செலவும் ஐந்து மடங்கு. நகர முழுமைக்கு 400 போதும், மிச்சப் பணத்தை நேரடிக் கூட்டங்களுக்குச் செலவிடலாம் என்பது என் கருத்து.

என்ன கேட்பது என்பது இன்னும் முக்கியம். தண்ணீர் வேண்டுமா, பூங்கா வேண்டுமா என்றால் எல்லாவற்றுக்கும் ஆம் என்றுதான் பதில் வரும். ஆறு பெட்டி, கையில் பத்து நாணயம், போடுங்கள் என்று கேட்டால் தேர்வு வெளிப்படும். கூட்டம் நடத்தும் நேரம் யார் வரலாம் என்பதைத் தீர்மானித்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். மாலை ஆறு மணிக் கூட்டத்துக்குச் சமையல் வேலையில் இருப்பவர், இரவு ஷிப்ட் தொழிலாளி, தள்ளுவண்டிக்காரர் யாரும் வர முடியாது. வாடகைக்கு இருப்பவர்கள் இது வீட்டுக்காரர்கள் விஷயம் என்று ஒதுங்குவார்கள். சந்தைக்கு, பேருந்து நிலையத்துக்கு, பள்ளி விடும் நேரத்தில் பள்ளி வாசலுக்கு நீங்கள் போக வேண்டியதுதான்.

இது எங்கேனும் பலித்திருக்கிறதா என்றால், அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவைச் சொல்லலாம். 1969-இல் நாட்டிலேயே காற்று மிக மோசமாக மாசுபட்ட நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் அது. தொழிற்சாலைகளும் மூடத் தொடங்கிவிட்டன. 1984-இல் சுமார் 1,700 பேரைப் பல மாதம் உட்காரவைத்துப் பேசி, 2000-ஆம் ஆண்டுக்கு என்று 40 இலக்குகளை வகுத்தார்கள். இடிக்க இருந்த ஆற்றுப் பாலம் 1993-இல் நடைபாலமாகத் திறந்தது, ஆற்றங்கரை மீன் காட்சியகம் 1992-இல் வந்தது. கவனிக்க வேண்டியது இரண்டு. மன்றத்துக்கு வெளியே இதற்கென்றே ஓர் அமைப்பு இருந்தது, உள்ளூர் அறக்கட்டளைப் பணமும் இருந்தது. அந்த இரண்டும் இல்லாத ஊரில் 40 இலக்கு என்பது தற்கொலைக்குச் சமம்.

பட்டறை

ஒன்றரை நாள் போதும். மன்றக் கூடத்தில் வேண்டாம். அங்கே உட்கார்ந்தாலே எழுந்து நின்று உரையாற்றத் தோன்றும். நாலு வட்ட மேசை, மேசைக்கு ஐந்தாறு பேர், கட்சி கலந்து. நடத்துபவர் மேயராகவோ, நகர நிர்வாகத்தை நடத்தும் கமிஷனராகவோ இருக்கக்கூடாது. மேயர் கடைசியில் பேசுவார் என்று முன்கூட்டியே அவரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அவர் முதலில் பேசிவிட்டால் பாதி அறை தலையாட்டும், மீதி அறை மறுத்துப் பேசும், அதோடு யோசனை நின்றுவிடும். உங்கள் சட்டப்படி மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டுமென்றால் பட்டறைக்கும் அது பொருந்துமா என்று சட்டப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

முதலில் பத்து நிமிடம் பேச்சே கிடையாது, எல்லோரும் எழுத வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு யோசனை. பிறகு சுற்றுமுறையில் ஆளுக்கு ஒரு சீட்டாக வாசித்துச் சுவரில் ஒட்டுவது, ஒத்தவற்றைக் கொத்தாகச் சேர்ப்பது. வழக்கமாக 60 சீட்டு 12 கொத்தாகச் சுருங்கும். அடுத்து ஆளுக்கு ஐந்து புள்ளி ஸ்டிக்கர் கொடுத்து வாக்கு. இதில் ஒரு கோளாறு உண்டு: முதலில் ஒட்டுபவர்களைப் பார்த்துப் பின்னால் வருபவர்கள் ஒட்டுவார்கள், கட்சித் தலைவர் எங்கே ஒட்டினார் என்றும் பார்ப்பார்கள். அதனால் ஐந்து தேர்வையும் தாளில் எழுதி மடித்த பிறகே எல்லோரும் ஒரே நேரத்தில் போய் ஒட்ட வேண்டும்.

இதுவரை செய்வதைப் பலரும் செய்கிறார்கள். பலரும் செய்யாதது இரண்டாம் நாள் காலை வேலை. சிவப்பு ஸ்டிக்கர் மூன்று: எதை இந்த ஐந்தாண்டில் தொட மாட்டோம்? அறை அமைதியாகிவிடும். யாரோ ஒருவருடைய தேர்தல் வாக்குறுதி சுவரில் இருக்கும். காலைப்பொழுது முழுவதையும் இதற்கே கொடுங்கள். தள்ளிவைத்தவை தனிப் பக்கமாக ஆவணத்தில் அச்சாக வேண்டும், எப்போது மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்ற ஆண்டோடு.

பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு கட்டம் போடும் ஸ்வாட் பயிற்சியைப் பற்றிக் கேட்பீர்கள். செய்யலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ‘திறமையான பணியாளர்கள்’ பலத்திலும் ‘பணியாளர் பற்றாக்குறை’ பலவீனத்திலும் எழுதிவிட்டு எல்லோரும் தேநீருக்குப் போய்விடுவார்கள்.

தொலைநோக்கு வாசகத்தைப் பட்டறையில் எழுதாதீர்கள். 21 பேர் சேர்ந்து ஒரு வாக்கியம் எழுதினால் அரை நாள் உரிச்சொற்களில் போகும், கடைசியில் ‘அனைவருக்கும் உகந்த, பசுமையான, நவீனமான, நிலைத்த வளர்ச்சி காணும் நகரம்’ என்று முடியும். இதில் ஊர்ப் பெயரை மாற்றினாலும் வாக்கியம் அப்படியே நிற்கும். எதிர்ப்பதம் போட்டுப் பாருங்கள்: பசுமையற்ற, பழமையான நகரம் வேண்டும் என்று எந்த ஊராவது சொல்லுமா? எதிர்ப்பதத்தை யாருமே கேட்க மாட்டார்கள் என்றால் அந்தச் சொல் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்று பேரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள், ஒருவர் எதிர்க்கட்சி. ‘பள்ளிப் பிள்ளை தனியாக நடந்து போகக்கூடிய, மழை விட்ட ஆறு மணி நேரத்தில் தெருவில் நீர் வடிந்துவிடும், தண்ணீர் பிடிக்க யாரும் இரவில் கண்விழிக்க வேண்டாத நகரம்’ என்பது போல வந்தால் நல்லது. இதில் மூன்று பொறுப்பு இருக்கிறது, மூன்றையும் அளக்க முடியும், மூன்றிலும் தோற்றால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதாலேயே சிலர் எதிர்ப்பார்கள்.

ஓர் இலக்கை முழுதாகப் பார்ப்போம்

இலக்குகள் நாலு முதல் ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஒரே பக்கம்: எதை அளக்கிறோம், இன்றைய நிலை, எந்த ஆண்டில் எவ்வளவு, எந்தப் பதவியில் இருப்பவர் பொறுப்பு, எந்தக் கணக்குத் தலைப்பு, முதல் 90 நாளில் என்ன. ஆளின் பெயரைப் போடாமல் பதவியைப் போடுங்கள், மாற்றலாகிப் போனாலும் பொறுப்பு நாற்காலியில் இருக்கும்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 2 கோடி லிட்டர் உள்ளே விடுகிறீர்கள், 1.24 கோடி லிட்டருக்குத்தான் கட்டணம் வருகிறது என்று வைப்போம். 76 லட்சம் லிட்டர், அதாவது 38 சதவீதம், கசிவிலும் கணக்கில் வராத இணைப்பிலும் ஓடாத மீட்டரிலும் போகிறது. இதை ஐந்தாண்டில் 25 சதவீதமாக்கினால் 26 லட்சம் லிட்டர் மீளும். ஆளுக்கு 130 லிட்டர் என்றால் 20,000 பேருக்கான தண்ணீர், புதிய நீராதாரமே இல்லாமல்.

முதல் ஆண்டு வேலை, நீரேற்று நிலையத்திலும் ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் வெளிவாயிலும் பெரிய மீட்டர் பொருத்துவது. அது இல்லாமல் 38 என்பதே ஊகம். பல ஊர்களில் உள்ளே விடும் அளவை, பம்பின் திறனை ஓடிய மணி நேரத்தால் பெருக்கி எழுதுகிறார்கள். தேய்ந்த பம்பு அவ்வளவு இறைப்பதில்லை. இரண்டாம் ஆண்டில் 1,000 முதல் 2,000 இணைப்பு கொண்ட மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே நுழைவாயில், அங்கே ஒரு மீட்டர். மண்டல எல்லை வால்வுகள் உண்மையிலேயே அடைகின்றனவா என்று பார்க்க ஓர் இரவு நுழைவாயிலை மூடி, உள்ளே அழுத்தம் பூச்சியத்துக்கு இறங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பக்கத்து மண்டலத்திலிருந்து எங்கோ நுழைகிறது. பிறகு அதிகாலை இரண்டு முதல் நாலு மணி வரை உள்ளே போகும் நீரை அளப்பது. ஊர் உறங்கும் நேரம், அப்போது ஓடுவதில் பெரும்பகுதி கசிவு. இடைவிட்டு நீர் விடும் ஊரில் இந்த அளவீடு செல்லாது, சோதனைக்காக அந்த மண்டலத்துக்கு மட்டும் சில நாள் தொடர்ந்து நீர் விட வேண்டியிருக்கும். மோசமான மண்டலத்திலிருந்து பழுதுபார்ப்பைத் தொடங்குங்கள். பிரதான குழாயை மாற்றுவதில் ஆர்வம் காட்டுவார்கள், ஒப்பந்தம் பெரியது என்பதால். எண்ணிக்கையில் கசிவு அதிகமாக இருப்பது வீட்டு இணைப்பின் சிறு குழாய்களிலும் அவற்றின் இணைப்புகளிலும்தான்.

எங்கே தவறும்? மீட்டருக்கு மூலதனத்தில் பணம் இருக்கும், கசிவை அடைக்கும் ஆளுக்கும் பொருளுக்கும் நடப்புச் செலவில் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். இன்னொன்று, முதல் ஆண்டில் இழப்பு 38-லிருந்து 44 ஆக உயர்ந்தது போலத் தோன்றக்கூடும். ஒன்றும் மோசமாகவில்லை, அளவு நேர்மையாகிவிட்டது, அவ்வளவுதான். இது நடக்கலாம் என்று மன்றத்திலும் பத்திரிகைக்காரர்களிடமும் முன்பே சொல்லி வைக்காவிட்டால் திட்டம் அந்த வாரமே செத்துவிடும். அதிகாரிகள் பழைய ஊகக் கணக்குக்கே திரும்பிவிடுவார்கள்.

அளவுகோல் தேர்வில் பொதுவான பிழை, செய்ததை எண்ணுவது. 10 கிலோமீட்டர் வடிகால் கட்டினோம் என்பது வேலை, 14 தாழ்வான இடங்களில் நீர் தேங்கிய மணி நேரம் குறைந்ததா என்பது பலன். இரண்டும் வேண்டும், இலக்கு என்று எழுதுவது பலனை. அளவுகோலை ஏமாற்றவும் வழி இருக்கும். 48 மணி நேரத்தில் புகார் தீர வேண்டும் என்றால் கணினியில் தீர்ந்ததாகப் பதிவாகும், குழி அங்கேயே இருக்கும். அதே இடத்திலிருந்து 30 நாளுக்குள் மறுபடி வரும் புகார்களையும் சேர்த்து எண்ணினால் இந்தக் குறுக்குவழி அடைபடும்.

பட்ஜெட்டுக்குள் நுழைப்பது

பட்ஜெட் தயாரிப்புச் சுற்றறிக்கை துறைகளுக்குப் போவதற்கு இரண்டு மாதமாவது முன்னால் மன்றம் திட்டத்தை ஏற்றிருக்க வேண்டும். இரண்டு வாரம் தாமதித்தால் ஓர் ஆண்டு போகும். ஐந்தாண்டுத் திட்டம் நாலாண்டுத் திட்டமாகும். சுற்றறிக்கைப் படிவத்தில் புதிதாக ஒரு நிரலைச் சேருங்கள்: இந்தச் செலவு எந்த இலக்குக்கு? உடனே ஒரு வேடிக்கை நடக்கும். பழைய செலவு எல்லாமே ஏதோ ஓர் இலக்கின் பெயரில் வந்து நிற்கும். வாகன டீசல்கூடப் பசுமை நகரத்துக்கு என்று வரும். இலக்குக்கு ஒதுக்கிய தொகை என்று புதிதாகச் சேர்ந்த பணத்தையும் வேறு இடத்திலிருந்து நகர்த்திய பணத்தையும் மட்டுமே கணக்கில் எடுப்போம் என்று சுற்றறிக்கையிலேயே எழுதிவிட்டால் இது அடங்கும்.

வார்டுக்கென்று ஒரு நிதியைத் தனியாக ஒதுக்கிவிடுவது நல்லது. கொள்கைக்காரர்கள் சிலருக்கு இது பிடிக்காது. மூலதனச் செலவில் 15 முதல் 20 சதவீதத்தை ஒரு சூத்திரப்படி பிரித்துக் கொடுத்துவிட்டால், மீதி 80-ஐப் பற்றி நகரமாகப் பேச முடியும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-இல் தொடங்கிய மக்கள் பங்கேற்பு பட்ஜெட்டில் பகுதிகளுக்கான பங்கு, மக்கள்தொகை, வசதிக்குறைவு, அந்தப் பகுதி மக்கள் தேர்ந்த முன்னுரிமை ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுத்துக் கணக்கிடப்பட்டது. முடிவான வேலைகளைப் பகுதிவாரியாக ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு என் தெரு வேலை எங்கே என்று யாரும் கேட்க முடிந்தது. சூத்திரத்தைவிட அந்தச் சிறு புத்தகம் பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றுகிறது.

பின்தொடர்வது

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மேயர் மார்ட்டின் ஓமாலி 2000-இல் தொடங்கிய முறையில், ஒவ்வொரு துறைத் தலைவரும் இரண்டு வாரத்துக்கொரு முறை தன் எண்களோடு வந்து நிற்க வேண்டியிருந்தது. மிகைநேரச் சம்பளம், வராத நாட்கள், தீராத புகார்கள் எல்லாம் திரையில் இருந்தன. இதைப் பார்த்துப் பல ஊர்கள் திரையை மட்டும் வாங்கின. எண்களைக் காட்டும் டாஷ்போர்டு வாங்குவது சுலபம். முந்தைய கூட்டத்தில் ஒப்புக்கொண்டதில் எது நடந்தது என்று தலைமையில் இருப்பவர் தானே உட்கார்ந்து கேட்பதுதான் கடினம். ஒன்றரை லட்சம் பேர் ஊருக்கு மாதம் ஒரு முறை, 90 நிமிடம், ஒரு கூட்டத்துக்கு இரண்டு இலக்கு போதும். எண்களைத் துறையே தயாரிக்கக்கூடாது, கமிஷனர் அலுவலகத்தில் இதற்கென்றே இருக்கும் இருவர் தயாரிக்க வேண்டும். மன்றத்துக்கு மூன்று மாதத்துக்கொரு முறை, இலக்குக்கு ஒரு பக்கம். கமிஷனர் தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்குத் தன் உதவியாளரை அனுப்பினால் திட்டம் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

காலமும் ஆலோசகரும்

பழைய திட்டத் தணிக்கையும் பணக்கணக்கும் ஒரு மாதம். நேர்காணலும் மக்கள் கருத்தும் இரண்டு மாதம். பட்டறையும் அதன் எழுத்து வேலையும் ஒரு மாதம். இலக்குப் பக்கங்கள் ஒன்றரை மாதம், இதுதான் எப்போதும் இழுக்கும். வரைவை வெளியிட்டு கருத்துக் கேட்டு மன்றத்தில் வைக்க ஒரு மாதம். ஆறரை மாதம். நாலு மாதத்திலும் முடிக்கலாம், மக்கள் கருத்துப் பகுதியைத்தான் வெட்ட வேண்டியிருக்கும். ஒன்றரை ஆண்டு இழுத்தால் பதவிக்காலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திட்டமிடுவதிலேயே போய்விடும்.

ஆலோசகர் இரண்டு வேலைக்கு வேண்டும்: பட்டறை நடத்த, கணக்கெடுப்புக்கு மாதிரி எடுக்க. இரண்டுக்கும் நடுநிலை ஆள் தேவை. திட்டத்தை எழுதும் வேலையைக் கொடுக்காதீர்கள். எழுதியவருக்குத்தான் அது புரியும், அவர் போனதும் அலமாரி காத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் கணக்கெடுப்பின் மூலத்தரவு நகரத்துக்குச் சொந்தம் என்று எழுதுங்கள், இறுதித் தவணையை முதல் பட்ஜெட் மன்றத்தில் நிறைவேறிய பிறகு தருவதாக வையுங்கள். அதற்குச் சம்மதிக்காத நிறுவனம் பவர்பாயிண்ட் விற்க வந்திருக்கிறது.

மன்ற வாக்கெடுப்பில் 11க்கு 10 என்று ஜெயிப்பது போதாது. அடுத்த தேர்தலில் அந்த ஒரு வாக்கு மாறும். பிரேசிலின் குரிட்டிபா 1965-இல் தனித் திட்டமிடல் நிறுவனம் அமைத்து, 1974-இல்தான் பேருந்துக்கென்று தனித் தடங்களை ஓடவிட்டது. நடுவில் மேயர்கள் மாறினார்கள், திட்டமும் அதை வைத்திருந்த நிறுவனமும் நிலைத்து நின்றன. 21-இல் 15 பேராவது ஆதரிக்கும்வரை மேசையில் பேசுங்கள். அதற்காக ஓர் இலக்கை விட்டுக்கொடுக்க நேர்ந்தால் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் தள்ளிவைத்தவற்றின் பக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் அதை நீக்கச் சொல்லித்தான் கடைசி நேரத்தில் தொலைபேசி வரும்.